அறிவியல் வகுப்பில் மாணவர் எடுக்கும் வீடியோ: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரறி மதிப்பீடு (அ)-வுக்கு 20 மதிப்பெண் இருக்கிறது. செயல்பாடுகளுக்கான மதிப்பெண் அது. பெரும்பாலும் சார்ட் ஒட்டுவதிலும் தெர்மகோல் மாதிரி செய்வதிலுமே அது தீர்ந்துபோகிறது. அந்த மாதிரியில் மாணவரின் உழைப்பு எவ்வளவு, வீட்டாரின் உழைப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதனால் நான் வேறொன்றைக் கேட்கிறேன்: ஒரு சோதனையைச் செய்து காட்டி, ஏன் அப்படி நடந்தது என்று தங்கள் சொந்தச் சொற்களில் விளக்கும் மூன்று நிமிட வீடியோ. எழுத்துத் தேர்வில் இரண்டு வரிக்கு மேல் எழுதத் திணறும் பிள்ளைகள் இதில் தயங்காமல் பேசுகிறார்கள். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்பது விடைத்தாளைவிட இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் முதல் முறை வீடியோக்கள் வந்து சேர்ந்ததும் பல ஆசிரியர்கள் மனம் சலித்துப்போகிறார்கள். ஒன்றில் சத்தம் இல்லை, ஒன்று திறக்கவே இல்லை, மீதி எல்லாம் ஒப்பித்தல். "பழையபடி சார்ட்டே கொடுத்துவிடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கைவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரும் சிக்கல்கள் பள்ளிக்குப் பள்ளி பெரிதாக மாறுவதில்லை. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். உங்களுக்கு வந்த வீடியோவில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். போனில் குறை, பிள்ளைகளிடம் குறை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நாம் கொடுத்த கேள்வியில் இருக்கும் குறை. எங்கே சிக்கினாலும் முதலில் கேள்வியை எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: மாணவர் கேமராவைப் பார்த்துப் பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறார்

கண்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்கின்றன. கேமராவுக்குப் பின்னால் யாரோ நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "தனி ஊசல் என்பது" என்று தொடங்கி வரையறை வரிசையாக வருகிறது.

தலைப்பைக் கொடுத்திருப்பீர்கள். "ஊசலைப் பற்றி ஒரு வீடியோ எடுத்து வாருங்கள்" என்றால் கட்டுரைதான் வரும். செய்து பார்த்தால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்வியாக அதை மாற்றுங்கள்: "ஊசல் குண்டின் எடையைக் கூட்டினால் அலைவு நேரம் மாறுகிறதா? நூலின் நீளத்தைக் கூட்டினால்? 20 அலைவுகளை எண்ணிக் காட்டுங்கள்." விடை புத்தகத்தில் இருக்கலாம். ஆனால் அவர்கள் கட்டிய ஊசலின் எண்கள் புத்தகத்தில் இருக்காது.

இங்கேதான் வீடியோ தன் பயனைக் காட்டுகிறது. 25 செ.மீ. ஊசலுக்கு 20 அலைவுகள் ஏறக்குறைய 20 நொடியில் முடியும். ஒரு மீட்டர் ஊசலுக்கு 40 நொடி ஆகும். ஒரு குழு 25 செ.மீ. ஊசலுக்கு 19 நொடி என்று எழுதிக் கொடுத்தால், தாளில் அது வெறும் தவறான எண். வீடியோவைக் கேளுங்கள். குண்டைக் கையிலிருந்து விடும் கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். அதாவது அவர்கள் எண்ணியது 19 அலைவுகள். பூஜ்யத்தில் தொடங்கியிருக்க வேண்டும். 10 நொடி வந்திருந்தால், குண்டு அந்தப் பக்கம் போனதை ஒன்றாகவும் இந்தப் பக்கம் வந்ததை இன்னொன்றாகவும் எண்ணியிருக்கிறார்கள். முழு அலைவு எது என்பது இன்னும் பிடிபடவில்லை. 21, 22 என்று வந்தால், நூலை மட்டும் அளந்து, குண்டின் மையம் வரை அளக்காமல் விட்டிருக்கக்கூடும். மூன்றும் தவறான விடைகள்தான். ஆனால் மூன்றுக்கும் சொல்லித்தர வேண்டியது வெவ்வேறு. விடைத்தாளில் மூன்றுக்கும் ஒரே சிவப்புக் கோடு விழும்.

கேள்வியை மாற்றிய பிறகும் ஒப்பித்தல் தொடர்ந்தால் இரண்டு விதிகளைச் சேருங்கள். சோதனை நடக்கும்போது கேமரா கைகளையும் பொருள்களையும் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல. கையில் செயல் இருக்கும்போது யாராலும் மனப்பாடமாகப் பேச முடியாது. அடுத்து, சோதனை தொடங்கும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறோம்" என்பதை ஒரு வரியில் பதிவுசெய்ய வேண்டும். அந்த ஊகம் தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது என்பதையும் வகுப்பிலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விடை தெரிந்த பிறகு திரும்பப் போய் ஊகத்தைப் பதிவுசெய்வார்கள்.

அறிகுறி: சோதனை சரியாக நடக்கிறது, விளக்கம் தவறாக இருக்கிறது

எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி இதுதான். கடந்து போய்விடாதீர்கள்.

தட்டில் வண்ண நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பார்கள். சுடர் அணையும், நீர் உள்ளே ஏறும். எளிதாகச் செய்யலாம், பார்க்கவும் அழகாக இருக்கும் என்பதால் வருடந்தோறும் ஏதாவது ஒரு குழு இதைத் தேர்ந்தெடுக்கிறது. பின்னணிக் குரல் இப்படிச் சொல்லும்: "காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. மெழுகுவத்தி அதை எரித்துத் தீர்த்துவிட்டது. காலியான இடத்துக்கு நீர் ஏறியது." இணையத்தில் பல வீடியோக்களும் இதையே சொல்கின்றன. பெரியவர்கள் பலரும் இப்படித்தான் படித்திருக்கிறோம்.

முக்கியக் காரணம் அது இல்லை. சுடர் டம்ளருக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து, ஒரு பகுதி விளிம்பின் வழியே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதியுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியில் இருக்கும் வளிமண்டல அழுத்தம் நீரை மேலே தள்ளுகிறது. எரிதலில் உண்டான நீராவி மீண்டும் நீராவதும் இதற்குக் கொஞ்சம் துணைசெய்கிறது. சுடர் ஆக்சிஜன் முழுவதையும் தீர்ப்பதும் இல்லை. அது குறிப்பிட்ட அளவு குறைந்தாலே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே சேர்ந்திருக்கிறது.

இப்போது அந்தக் குழுவைக் கூப்பிட்டு, "தவறு" என்று சொல்லாமல், அவர்கள் எடுத்த வீடியோவையே போட்டுக் காட்டுங்கள். சுடர் அணையும் இடத்தில் நிறுத்துங்கள். நீர்மட்டம் எங்கே இருக்கிறது? ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அங்கிருந்து மெதுவாக ஓட்டுங்கள். சுடர் அணைந்த பிறகுதான் நீர் வேகமாக ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் ஏறியது என்றால், எரிந்துகொண்டிருக்கும்போதே சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டாமா என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள். டம்ளரைக் கவிழ்த்த நொடியையும் காட்டுங்கள். விளிம்பில் குமிழிகள் வெளியேறுவது பல வீடியோக்களில் பதிவாகியிருக்கும், எடுத்தவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று வைத்து அதே டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். ஆனால் நீர் இன்னும் உயரமாக ஏறும். அவர்கள் சொன்ன காரணம் சரியென்றால் உயரம் மாறக்கூடாது.

இந்த உரையாடலுக்குப் பிறகு அவர்கள் விளக்கத்தை மாற்றிப் பேசிய வீடியோவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். முதல் வீடியோவையும் அழிக்கச் சொல்லாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கும். தன் கண்ணால் பார்த்ததைத் தான் நம்பியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அறிவியல். வீடியோவின் பெரிய வசதியே, பார்த்ததைத் திரும்பப் பார்க்க முடிவது.

அறிகுறி: பின்னணி இசை, பறக்கும் எழுத்துகள், பளபளப்பு எல்லாம் இருக்கிறது, அறிவியல் இல்லை

பார்த்தவுடன் நமக்கும் பிடித்துவிடும். 10-க்கு 9 போட்டுவிடுவோம். அடுத்ததாக வரும் வீடியோ நடுங்குகிறது, இருட்டாக இருக்கிறது. ஆனால் ஒரு மாணவி மூன்று முறை அளந்து சராசரி எடுத்திருக்கிறாள். அவளுக்கு 6 போடுவோம். இந்த அநியாயம் நம்மை அறியாமல் நடப்பது. தடுக்க வேண்டுமென்றால் மதிப்பெண் பகுப்பை வீடியோ எடுக்கும் முன்பே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும்.

நான் வைத்திருக்கும் பகுப்பு இது. ஒரு வீடியோவுக்கு மொத்தம் 10. அதில் 6 குழுவுக்கு: திரையில் தெரியும் சான்றுக்கு 3 (அளவு, ஒப்பீட்டுச் சோதனை, திரும்பச் செய்து பார்த்தது), காரணம் சொன்னதற்கு 3. மீதி 4 தனி மாணவருக்கு. அதைக் குழு பற்றிய பகுதியில் விளக்குகிறேன். தொகுப்புக்கும் இசைக்கும் பூஜ்யம். பின்னணி இசையை நான் அனுமதிப்பதே இல்லை. பேச்சை அமுக்கிவிடுகிறது என்பது ஒரு காரணம், இசை தேடுவதில் ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது என்பது இன்னொன்று. படம் தெளிவாக இருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் இல்லை. தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துத் திரும்ப எடுக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

மதிப்பிடும்போது முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சான்றுக்கு மதிப்பெண் போடுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். காரணத்துக்கு மதிப்பெண் போடுங்கள். இரண்டையும் பிரித்தாலே பளபளப்பின் பிடி தளர்ந்துவிடும். பள்ளியில் இன்னோர் அறிவியல் ஆசிரியர் இருந்தால், இருவரும் ஒரே மூன்று வீடியோக்களைத் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிடுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பகுப்பில் இருக்கும் சொற்கள் மங்கலாக இருக்கின்றன என்று பொருள். "நன்றாக விளக்கினார்" என்று எழுதியிருப்பீர்கள். "ஏன் என்பதற்குத் தன் சோதனையில் பார்த்த ஒன்றையாவது சுட்டிக் காட்டினார்" என்று மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: எங்கேயோ பார்த்த வீடியோ போலவே இருக்கிறது

யூடியூபில் பார்த்ததை அப்படியே திரும்பச் செய்வது குற்றமில்லை. நாமும் பாடப்புத்தகத்தில் இருக்கும் சோதனையைத்தான் வகுப்பில் செய்கிறோம். பேச்சையும் முடிவையும் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் விளக்க உரையையும் எழுதித் தந்துவிடுகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர் வீட்டில் பேசாத சொற்கள் சரளமாக வரும்போது அது தெரிந்துவிடும்.

பிடித்துத் தண்டிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். நகலெடுத்துப் பயனில்லாதபடி கேள்வியை அமையுங்கள். "உங்கள் வீட்டுக் கிணற்று நீர், பள்ளிக் குழாய் நீர், கடையில் வாங்கிய நீர் மூன்றிலும் ஒரே அளவு சோப்பு போட்டுக் குலுக்குங்கள், எதில் நுரை அதிகம்?" என்ற கேள்விக்கு இணையத்தில் ஆயத்த விடை கிடைக்காது. முதல் காட்சியில் தேதியும் குழு எண்ணும் எழுதிய தாளைப் பொருள்களோடு சேர்த்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாக வராமல் போன ஒரு முயற்சியையாவது வீடியோவில் சேர்க்கச் சொல்லுங்கள். அதைச் சேர்த்தால் சான்றுக்கான 3 மதிப்பெண்ணில் அது கணக்கில் வரும். தோற்ற முயற்சியை யாரும் நகலெடுப்பதில்லை.

அறிகுறி: நால்வர் பெயர் இருக்கிறது, ஒருவர் மட்டுமே உழைத்திருக்கிறார்

இதன் இன்னொரு வடிவம்: பெண் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டும் பொருள்களைக் கழுவிக்கொண்டும் இருப்பார்கள், கேமரா முன் பையன்கள் பேசுவார்கள். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

பொறுப்புகளை நான்காகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள்: செய்பவர், அளப்பவர், விளக்குபவர், படம் எடுப்பவர். அடுத்த பருவத்தில் மாற்றுங்கள். படம் எடுப்பவர் சும்மா இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். எதைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்வதற்குச் சோதனை புரிந்திருக்க வேண்டும்.

முன்னே சொன்ன 4 மதிப்பெண் இங்கே வருகிறது. வீடியோ வந்த பிறகு ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு வாய்மொழி வினா, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். வீடியோவில் சொல்லாத ஒன்றைக் கேளுங்கள். "குண்டுக்குப் பதிலாக ஒரு தாளைக் கசக்கிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" "ஏன் ஓர் அலைவை மட்டும் அளக்காமல் 20 எண்ணினீர்கள்?" உழைத்த பிள்ளை யோசித்துச் சொல்லும், தவறாகச் சொன்னாலும் தன் சோதனையிலிருந்து சொல்லும். பெயருக்கு இருந்தவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். இந்த இரண்டு வினாக்களைக் கைவிட்டால் வீடியோ மதிப்பீடே நம்பகம் இழந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: நிறம் மாறியது தெரியவில்லை, அளவைப் படிக்க முடியவில்லை

செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பாகும், சோப்பு நீர் விட்டால் பச்சையாகும். நேரில் பளிச்சென்று தெரியும். வீடியோவில் இரண்டும் பழுப்பாகத் தெரியும். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக நிறத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பதுதான் காரணம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இது இன்னும் மோசமாகும். ஜன்னல் ஓரமாகப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். எதுவும் சேர்க்காத சாறு உள்ள சோதனைக் குழாயையும் பக்கத்திலேயே, அதே காட்சியில், நிறுத்தி வையுங்கள். அந்த மூன்றாவது குழாய் கேமராவின் கோளாறைச் சரிசெய்வதோடு ஒப்பீட்டுச் சோதனையாகவும் ஆகிவிடுகிறது. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது இரண்டு காரணங்களையும் சொல்லுங்கள்.

அளவு ஜாடியில் நீர்மட்டம் எப்போதும் தவறாகத் தெரிகிறது என்றால், நின்றபடி மேலிருந்து எடுத்திருக்கிறார்கள். இடமாறு தோற்றப் பிழை என்று புத்தகத்தில் படித்தது கண்ணுக்கு மட்டும் உரியது அல்ல, கேமராவுக்கும் அதேதான். போனைப் பிறைத்தளத்தின் (நீரின் வளைந்த மேற்பரப்பின்) மட்டத்துக்கு இறக்க வேண்டும். நான்கு புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தால் கை நடுக்கமும் போய்விடும்.

படம் அடிக்கடி மங்கித் தெளிந்தால், திரையில் பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது டியூப் லைட்டால் வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. கேமரா அமைப்பில் மினுக்கத் தடுப்பை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கை அணைத்துவிட்டு வராந்தாவுக்கு வாருங்கள்.

வேகமாக நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் ஸ்லோ மோஷன் உதவும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து ஏறக்குறைய அரை நொடியில் தரையைத் தொடும். ஆக 15 படங்கள்தான் கிடைக்கும். பந்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் அளவுகோலை நிறுத்தி, படம் படமாக நகர்த்தினால், ஒவ்வொரு படத்திலும் இடைவெளி கூடிக்கொண்டே போவது தெரியும். முடுக்கத்தை இவ்வளவு எளிதாகக் காட்டும் வேறு கருவி நம் ஆய்வகத்தில் இல்லை.

அறிகுறி: பேச்சு கேட்கவில்லை

மின்விசிறியை நிறுத்துங்கள். வகுப்பறையில் எதிரொலி அதிகம். மரத்தடியில் காற்று அதிகம். வராந்தாவின் மூலை பெரும்பாலும் சரியாக இருக்கும். பேசுபவர் போனிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் படத்தை முதலில் எடுத்துவிட்டு, குரலை இன்னொரு போனில் தனியாகப் பதிவுசெய்து கொடுக்கலாம். இரண்டையும் இணைத்துத் தரவேண்டும் என்று கேட்காதீர்கள். நாம் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: கோப்பு வந்து சேரவில்லை, வந்தாலும் திறக்கவில்லை

பிள்ளைகள் 1080பி தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடமே 100 எம்பியைத் தாண்டக்கூடும். மூன்று நிமிடத்தை அனுப்புவதற்குள் அப்பாவின் அன்றைய டேட்டாவில் கணிசமான பங்கு போய்விடும். 720பி போதும், அளவு ஏறக்குறைய பாதியாகிறது. ஒரே மூச்சில் எடுக்காமல் சிறு சிறு துண்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது விமானப் பயன்முறையைப் போட்டுக்கொண்டால் அழைப்பு வந்து நடுவில் அறுந்துபோகாது.

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, அளவுகோலின் எண்கள் அழிந்துவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. இதைவிட எளிது, போனைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேபிள் வழியே கணினியில் ஏற்றுவது. இணையமே தேவையில்லை.

பள்ளிக் கணினியில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால், புதிய போன்கள் எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவுசெய்திருக்கும். விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஓடும். பழைய கணினியில் அதுவும் திக்கித் திக்கி ஓடினால், கேமரா அமைப்பில் எச்.264-க்கு மாற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: சில மாணவர்கள் எதையுமே கொடுக்கவில்லை

சோம்பல் என்று முடிவுகட்டும் முன் வீட்டில் போன் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னும் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். ஒரு போன் இருந்தாலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது வெளிச்சமும் இல்லை, சார்ஜும் இல்லை.

வீட்டுப்பாடமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பாடவேளைகளில் பள்ளியிலேயே எடுக்க வையுங்கள். குழுவுக்கு ஒரு கருவி போதும். ஆசிரியரின் போன், பள்ளியின் டேப்லெட், உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கேமரா இருந்தால் அது, எதுவானாலும் சரி. கருவிகள் போதாவிட்டால், மதிய இடைவேளையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று பிரித்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு வராத பிள்ளை அதே சோதனையை நேரில் செய்து காட்டட்டும். அதே மதிப்பெண் பகுப்பு அதற்கும் பொருந்தும். நாம் மதிப்பிடுவது போனை அல்ல.

அறிகுறி: மாணவி பேச மறுக்கிறாள், அல்லது வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்

மகளின் முகம் யார் யார் போனுக்கோ போகும் என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. ஒரு படத்தை வைத்து இன்று என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தை வாதாடிப் போக்க முயல வேண்டாம். முகம் தேவையே இல்லை என்ற விதியை எல்லா மாணவர்க்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். கையும் குரலும் போதும். ஒருவருக்கு மட்டும் விலக்கு என்று வைத்தால் அந்தப் பிள்ளை தனித்துத் தெரிவாள்.

வீடியோக்களை யூடியூபில் ஏற்றாதீர்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது மரியாதை. எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். மதிப்பெண் பதிவான பிறகு, சொன்ன தேதியில், சொன்னபடி அழித்துவிடுங்கள்.

குரலைக் கேட்டாலே கூச்சப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வெள்ளைத் தாளில் எழுதிய சொற்களைக் காட்சிக்கு இடையே காட்டட்டும். பேச்சுத் தமிழில் பேசலாம், "இதுதாங்க டீச்சர் மேல ஏறுது" என்று சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தாலே பாதிக் கூச்சம் போய்விடுகிறது. கலைச்சொல் எங்கே தேவையோ அங்கே மட்டும் கேளுங்கள்.

அறிகுறி: பயமுறுத்தும் சோதனைகள் வருகின்றன

தீ, வெடி, புகை. கேமரா இருக்கிறது என்றதும் சாகசம் செய்யத் தோன்றும் வயது அது. இதில் தயக்கம் வேண்டாம்: அந்த வீடியோவைப் பாராட்டாதீர்கள், வகுப்பில் போட்டுக் காட்டாதீர்கள், மதிப்பெண்ணும் வேண்டாம். மாணவரைக் கூப்பிட்டு என்ன நடந்திருக்கக்கூடும் என்று பேசுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள்.

வராமல் தடுப்பது எளிது. சோதனைப் பட்டியலை முன்பே கொடுத்து, பட்டியலில் இல்லாததைச் செய்ய வேண்டுமென்றால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று வையுங்கள். சுடர், அமிலம், ஸ்பிரிட் மூன்றும் பள்ளியில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மெழுகுவத்திச் சோதனையும் அப்படியே. இலையில் ஸ்டார்ச் சோதனைக்கு ஸ்பிரிட்டை நேரடியாகச் சுடரில் வைக்கக்கூடாது, சுடுநீர்த் தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் துப்புரவுத் திரவங்களை ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

அறிகுறி: பார்த்து முடிக்க நேரமே இல்லை

40 பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம். நால்வர் கொண்ட 10 குழுக்கள், மூன்று நிமிடம் என்றால் 30 நிமிடம்; படத்துக்கு ஒருமுறை, குரலுக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை பார்த்தாலும் ஒரு மணி நேரம். மூன்று நிமிடம் என்ற வரம்பைக் கறாராக வையுங்கள். அதற்கு மேல் போனால் மீதியைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். எதை விடுவது என்று அவர்கள் உட்கார்ந்து பேசும் பேச்சே நல்ல அறிவியல் பேச்சு. வாய்மொழி வினாக்களை மற்ற பிள்ளைகள் பயிற்சி எழுதும் பாடவேளைகளில் முடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வீடியோவில் சிறப்பாகச் செய்தவர் எழுத்துத் தேர்வில் குறைவாக எடுக்கிறார்

சக ஆசிரியர்கள் இதைக் காட்டி, வீடியோ மதிப்பெண்ணை அள்ளிக்கொடுத்துவிட்டீர்கள் என்பார்கள். தலைமை ஆசிரியரும் கேட்கக்கூடும். அந்த மாணவரின் விடைத்தாளையும் வாய்மொழி விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய்மொழியிலும் திணறினார் என்றால், குழுவின் உழைப்பு அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. பொறுப்பை மாற்றிக் கொடுங்கள். வாய்மொழியில் தெளிவாகச் சொன்னவர் தாளில் எழுதவில்லை என்றால், அவருக்கு அறிவியல் தெரியும், எழுத்துதான் தடையாக இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் செய்வது இது: அவருடைய வீடியோவை அவரிடமே கொடுத்து, தான் பேசியதைக் கேட்டு நான்கு வரியில் எழுதச் சொல்கிறேன். தன் சொற்களைத் தானே கேட்டு எழுதும்போது எங்கே தொடங்குவது என்ற திணறல் இருப்பதில்லை. கலைச்சொற்களை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். தாளில் நன்றாக எழுதி, வீடியோவில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும் மாணவரும் இருப்பார். அவரைப் பற்றி யாரும் நம்மிடம் வந்து கேட்க மாட்டார்கள். அடுத்த சோதனையில் அவரை அளப்பவராக நியமித்து, பக்கத்திலேயே நின்று பாருங்கள்.